கூட்டுக்கார அக்காவின் சாட்சி

ஐம்பது வயதுவரை எங்கும் கடன் வாங்காதவன் வந்தால் வங்கியில் எழுந்து நின்று நாற்காலி போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். காரைக்கூட ரொக்கத்தில்தான் வாங்கினேன். பழைய கார், மேடு ஏறும்போது இருமும்.

கெலுகோரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை உரிமையாளர் விற்க முடிவு செய்தார். "உங்களுக்குத்தான் முதல்ல. ரெண்டு மாசம் பொறுக்கிறேன்" என்றார். மனைவிக்கு அந்த வீட்டை விட மனமில்லை. வங்கிக்குப் போனேன்.

கணினியைத் தட்டிய பெண் நிமிர்ந்தாள். "அங்கிள், லோன், கார்டு ஒண்ணுமே எடுத்ததில்லையா?"

"இல்லம்மா. சுத்தமான ஆளு."

"ரொம்ப சுத்தம்லா. நீங்க இருக்கீங்களான்னே சிஸ்டத்துக்குத் தெரியல."

செத்தவனுக்குக்கூட ஏதாவது பதிவு இருக்குமே! அப்போதுதான் கூட்டு நினைவுக்கு வந்தது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, மாதம் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்வோம். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருக்கும் அக்காதான் நடத்துகிறார். வருடக்கணக்காக நான் ஒரு மாதம் தவறியதில்லை. இதைவிட என்ன வரலாறு வேண்டும்? மறுநாள் அவரையே சாட்சியாக அழைத்துப் போனேன். கல்யாணத்துக்குப் போடும் நகைகளோடு வந்தார்.

"தங்கச்சி, இவன் காசு நிறுத்தினதில்ல, எடுத்துட்டு ஓடினதுமில்ல. இத்தன வருஷமா கூட்டு நடத்துறேன், எனக்குத் தெரியாதா?" வங்கி முழுக்கக் கேட்டது.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, மெதுவா. கூட்டு நடத்துறது இங்க சட்டப்படி குத்தம்லா."

அக்காவுக்குக் கடையில் அவசர வேலை வந்துவிட்டது. கதவருகே திரும்பி, "இவன் யாருன்னே எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு அந்தப் பெண்ணே வழி சொன்னாள். கொஞ்சம் பணத்தை வைப்பில் போட்டு, அதை ஈடாக வைத்து ஒரு கார்டு வாங்க வேண்டும். பெட்ரோலுக்குத் தேய்த்து, மாதாமாதம் முழுதாகக் கட்டிவந்தால் சிஸ்டத்தில் என் பெயர் ஏறும். முதல்முறை தேய்த்ததும் நேரே அவள் முன்னால் போய் நின்றேன், பணத்தோடு.

"அங்கிள், பில்லே இன்னும் வரலலா. வீட்டுக்குப் போங்க."

உரிமையாளர் சொன்னபடி இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு வேறு ஒருவருக்கு விற்றுவிட்டார். ஓராண்டுக்குப்பின் வங்கி கடன் கொடுத்தது, நான் கேட்டதைவிடக் குறைவாக. அந்தத் தொகைக்குக் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில்தான் வீடு கிடைத்தது. மனைவி இன்னமும் பாலத்தைக் கடந்து கெலுகோர் சந்தைக்குத்தான் மீன் வாங்கப் போகிறாள்.