கிளாங் செஷனில் இரண்டாவது ஆள்

கண், காது, மூக்கு வைத்துச் சொல்லப்படும் கதை அல்ல இது. சந்தேகப்படுகிறவர்கள் டெங்கிலில் இருக்கும் கிரிதரனைக் கேட்டுப் பார்க்கலாம். மனிதர் கம்ப்யூட்டர் வேலையை இன்னும் விடவில்லை. ஆனால் அறையில் தனியாக இருக்கும்போது செஷன் திறப்பதை அன்றோடு விட்டுவிட்டார்.

தைப்பூச விடுமுறை. பட்டப்பகல். பிரிக்ஃபீல்ட்ஸில் பாதிப் பேர் பத்துமலைக்குப் போய்விட்டார்கள். பூக்கடைக்கு மேலே இருந்த ஆபீஸில் வசுந்தரா மட்டும் உட்கார்ந்திருந்தாள். கிளாங்கில் ஒரு டயாலிசிஸ் நிலையம். அங்கிருந்த சர்வரில் பழைய டிஸ்க் ஒன்று சாகக் கிடந்தது. அதிலிருந்த நோயாளிகளின் ஃபைல்களைப் புது டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு நீர் எடுப்பது, யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. விடிந்தால் முதல் ஷிஃப்ட். அதில் படுக்கப் போகிறவர்களில் ஒருவர் கனகசபை. வசுந்தராவின் அப்பா. ஆகாத மருந்து ஏறி, ஏற்கெனவே ஒருமுறை மூச்சடைத்துப் பிழைத்தவர்.

இங்கே உட்கார்ந்தபடியே அந்தச் சர்வருக்குள் அவள் ஒரு செஷன் திறந்திருந்தாள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாம் வெளியே வந்தாலும் உள்ளே தொடங்கிய வேலை ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொருவர் வேறு ஊரிலிருந்து அதே செஷனுக்குள் வரலாம். ஒருவர் அடிப்பது மற்றவருக்கும் தெரியும். வருகிறவருடைய திரை சின்னதாக இருந்தால், நம் திரையில் உள்ள செஷன் சன்னலும் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். சுற்றிலும் மிச்ச இடத்தைப் புள்ளிகள் நிரப்பும்.

அழிக்கும் கட்டளையை யாரும் தனியாகப் போடக் கூடாது என்பது அந்த ஆபீஸ் வழக்கம். ஒருவர் கட்டளையை அடித்து, பக்கத்தில் 'ஓகே?' என்று கேட்பார். மற்றவர் பார்த்து 'ஓகே லா' என்று அடித்த பிறகுதான் வேலை நடக்கும். இன்றைக்கு அந்த மற்றவர், சீனியர் கிரிதரன். போனில் பிடித்தாள்.

"நகல் ஓடுது அண்ணே. எங்க இருக்கீங்க?"

"ரோட்டு ஜேம்ல. மச்சான் காவடி எடுத்தான்லா. நகல் முடியட்டும், பழச அழிக்கிறதுக்குள்ள வீட்டுக்குப் போயி சேர்ந்துக்கிறேன்."

"முருகன் வந்தாலும் வருவாரு. நீங்க வரமாட்டீங்க."

சிரித்துக்கொண்டே வைத்தார்.

திரையின் மேல்பாதியில் நகல் ஓடியது. நாற்பது சதவீதம். கீழ்ப்பாதியில் காலியான கட்டளை வரி. வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் இருட்டியது.

திரையில் செஷன் சன்னல் சுருங்கியது. சுற்றிலும் புள்ளிகள்.

போனிலிருந்தே நுழைந்துவிட்டாரா? 'வந்துட்டீங்களா அண்ணே?' என்று அடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளுடைய கேள்வி பின்னாலிருந்து ஓர் எழுத்தாக அழிந்தது. அந்த இடத்தில் ஒரு கட்டளை வரத் தொடங்கியது. மெதுவாக... ஒற்றை விரலால் தேடித் தேடி அடிப்பது போல.

அழிக்கும் கட்டளை. ஆனால் அழிக்கச் சொன்னது பழைய டிஸ்க்கை அல்ல. புது டிஸ்க்கை.

அவசரமாக அழித்தாள். மறுபடியும் முதல் எழுத்து வந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணே, தப்பான டிஸ்க்க அடிக்கிறீங்க."

"நான் எங்க அடிக்கிறேன்? ஸ்டியரிங்க பிடிச்சிட்டிருக்கேன்."

செஷனுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று சர்வரையே கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேர். ஒன்று அவள். மற்றது... கிளாங் சர்வரின் சொந்தக் கீபோர்ட்.

"அங்க யாரோ உக்காந்திருக்காங்க அண்ணே."

"சென்டர் பூட்டியிருக்கு வசு. சர்வர் ரூம் சாவி என் கார்ல கிடக்கு." குரல் மாறியிருந்தது. "அத வெளிய தள்ளு."

தள்ளினாள். புள்ளிகள் மறைந்தன. சன்னல் விரிந்தது. மூச்சு விட்டாள்.

மறுபடி சுருங்கியது. முன்பைவிடச் சின்னதாக.

"செஷனையே சாத்திடவா?"

"சாத்தாத. நகல் பாதில அறுந்துபோனா அந்தப் பழைய டிஸ்க் திரும்ப எழுந்திருக்காது. அப்பா ஃபைலும் அதுலதான் இருக்கு."

எழுபத்திரண்டு சதவீதம்.

கட்டளை முழுசாக வந்துவிட்டது. புது டிஸ்க்கின் பெயர். பக்கத்தில் ஒரு வார்த்தை.

ஓகே?

அப்புறம் ஒன்றும் இல்லை. அது காத்திருந்தது.

"அண்ணே... நம்மள மாதிரியே கேக்குது."

"பதில் போடாத. கீபோர்ட தொடாத."

போனை மேசையில் வைத்துவிட்டு, கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். சன்னல் இன்னும் சுருங்கியது. நகல் ஓடிய மேல்பாதி மறைந்தது. எத்தனை சதவீதம்... தெரியவில்லை. திரை முழுக்கப் புள்ளிகள். நடுவில் ஒற்றை வரி.

ஓகே?

டக்.

அவள் கீபோர்டிலிருந்து வந்தது.

கைகள் மடியில்தான் இருந்தன.

பதிலின் முதல் எழுத்து திரையில் விழுந்திருந்தது.

அடுத்த விசை... தானாக... மெல்லத் தாழ்ந்தது.

கீபோர்ட் வயரைப் பிடித்து இழுத்தாள். பிடுங்கிக்கொண்டு வந்தது.

மழைச் சத்தம் மட்டும்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ. புள்ளிகள் போயிருந்தன. சன்னல் பழையபடி விரிந்திருந்தது. மேலே நூறு சதவீதம். நகல் முடிந்திருந்தது.

மறுநாள் காலை அப்பாவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அவருடைய ஃபைலைத் தானே ஒருமுறை திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. ஆகாத மருந்தின் பெயர் சிவப்பில் இருந்தது. பிறகு நர்ஸ் தாமரையிடம் சர்வர் அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கிரிதரனிடமிருந்து வாங்கி வந்த சாவியால் தாமரை கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நான் உள்ள வரலக்கா. உங்களுக்கு முன்னாடி வேற கம்பெனி ஆளு இந்த மெஷின பாத்துக்கிட்டாரு, பிரவின்னு. ஒரு லீவு நாளு தனியா வந்தாரு. மறுநாள் கதவத் திறந்தது நான்தான். நாற்காலியிலேயே போயிட்டாரு. ஹார்ட் அட்டாக்னாங்க. அன்னைக்கு மெஷின்ல ஒரு பேஷண்ட் ஃபைலும் இல்ல, எல்லாம் அழிஞ்சிருந்துச்சு."

அப்படியானால் நேற்று வந்தது பிரவின். வசுந்தராவுக்குப் பயத்தோடு ஒரு பரிதாபமும் வந்தது.

"பாவம். தனியா உக்காந்து யாரையோ ஓகே கேட்டிருக்காரு."

"இல்லக்கா. அவரு கேக்கல." தாமரை குரலைத் தாழ்த்தினாள். "அவரு கை கீபோர்ட் மேலயே இருந்துச்சு. ஸ்கிரீன்ல கடைசியா இருந்தது பதிலுதான். 'ஓகே'னு. யாருக்குச் சொன்னாருன்னு போலீஸ் என்னையே ரெண்டு தடவ கேட்டாங்க."

"வெளியில இருந்து யாராவது செஷன்ல வந்திருப்பாங்க."

"எப்படிக்கா வருவாங்க? அப்ப இந்த மெஷினுக்கு வெளி லைனே கிடையாது. போன வருஷம் நீங்க வந்துதானே லைன இழுத்தீங்க."