வெர்னா நேராக்கிய ஏரி

அமெரிக்காவின் டுலூத் நகரில் எங்கள் அலுவலகம் ஒரு வண்ணப்பூச்சுக் கடையின் மாடியில் இருந்தது. ஏரிக்கரை விடுதிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்போம். பக்கங்களை அமைப்பது நான். படங்கள் வெர்னா ஹாக்லண்டின் பொறுப்பு. அவர் தன் மென்பொருளில் படத்தைத் திருத்திச் சேமித்தால் போதும், என் பக்கத்திலும் புதுப்படம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வெர்னாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு செய்தித்தாளின் இருட்டறையில் படம் கழுவியவர். விடுதிக்காரர்கள் அனுப்பும் படங்களில் ஏரி எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"இந்த ஆளு தரையில நின்னு எடுத்தானா, பீர் பீப்பா மேல நின்னு எடுத்தானா?" என்று திட்டிக்கொண்டே நிமிடத்தில் நேராக்கிவிடுவார்.

2003 வசந்தத்தில் அவர் நேராக்கிய ஏரிகள் கோணலாக வரத் தொடங்கின. முதல் படத்தைப் பார்த்து அசதி என்று நினைத்தேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே திருத்தி வைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கையை நம்பித்தான் நான் தொழிலே கற்றிருந்தேன்.

அக்டோபரில் ஒரு நாள் மானிட்டரில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்துகொண்டு கூப்பிட்டார்.

"மார்லிஸ், இந்தப் படம் பன்னெண்டரைக்குச் சேமிச்சதா காட்டுது. பன்னெண்டரைக்கு நான் கீழ சூப் குடிச்சிட்டிருந்தேன்."

நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"நீ தொட்டியா?"

"கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. அதான்..."

"இது ஒண்ணுதானா?"

"ரெண்டு மூணு இருக்கும்."

"பொய் சொல்லாதடி."

"அறுபதுக்கு மேல இருக்கும், வெர்னா. ஏப்ரல்லேர்ந்து."

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கு நேராத்தான் தெரியுது. இப்பவும் நேராத்தான் தெரியுது," என்றார்.

மறுநாள் கண் மருத்துவரிடம் நான்தான் காரில் கூட்டிப்போனேன். விழித்திரையின் நடுவில் இரத்தம் கசிந்து, அவர் பார்க்கும் நேர்கோடுகளை வளைத்திருந்தது. இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை. வலது கண்ணுக்கு லேசர் வைத்துப் பார்க்கலாம், எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது. "வசந்தத்துலயே வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்த முயற்சி பண்ணியிருக்கலாம்," என்றார் மருத்துவர். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் ஏப்ரலிலிருந்து நான் திருத்திய படங்களை மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன்.

திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் வெர்னா சொன்னார்: "என் சமையலறைக் கதவு நிலை ஜூன்லயே நெளிஞ்சு தெரிஞ்சுது. பழைய வீடு, மரம் வளைஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேனா, இல்ல வேணும்னே அப்படி நெனச்சுக்கிட்டேனா, எனக்கே தெரியல."

"நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா, சொல்லியிருக்கணும்," என்றார்.

படங்களை அவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கங்களுக்கு நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அதற்கென்று தனியாக ஒரு மென்பொருள் வைத்தோம். கறுப்புத் திரையில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் எழுத்துகள். ஒரு வரியில் நாலு சொல்தான் தெரியும். ஒன்றரை வருடம் அப்படி ஓட்டினார். பிறகு வலது கண்ணிலும் நடுப்பகுதி மறைந்தது. எழுத்துகளைப் பக்கவாட்டில் தலையைத் திருப்பிப் பார்த்துப் பிடிக்க முயல்வார். ஒரு வெள்ளிக்கிழமை, மேசையைத் துடைத்து வைத்துவிட்டு, ஃபார்கோ நகரில் இருக்கும் தங்கையிடம் போகிறேன் என்று சொன்னார்.

வாசலில் என் கையைப் பிடித்து அழுத்தினார். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். வானிலை, தங்கையின் நாய், என் மகளின் பல் என்று பேச்சு போகும். வேலையைப் பற்றி அவர் ஒருமுறைகூட விசாரித்ததில்லை.