கவிழ்த்து வைத்த மங்கு

பிள்ளைகளே,

உங்கள் அம்மா போய் ஒரு வருஷம் ஆகிறது. அவள் காதில் விழக் கூடாது என்பதற்காகவே இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்லலாம். தஞ்சோங் மாலிம் பக்கத்து எஸ்டேட்டில், ரப்பர் மரங்கள் முடிகிற ஓரத்தில், கல்லறைத் திருநாள்தோறும் நீங்கள் முழங்கால் போட்டு செபம் சொன்னீர்களே, அந்த மேடு உங்கள் அக்காவுடையதுதானா என்று எனக்குத் தெரியாது. அநேகமாக இல்லை. அது தெரிந்துகொண்டே உங்கள் அம்மாவை அங்கே உட்கார வைத்தவன் நான்.

எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்த கை இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் அக்கா காய்ச்சலில் போனாள். இரண்டு வயசு முடியவில்லை. நானும் அம்மாவும் அப்போது அந்த எஸ்டேட்டில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். டவுனில் வளர்ந்த உங்களுக்காகச் சொல்கிறேன்: வெட்டிய இடத்திலிருந்து வடிகிற பாலைப் பிடிக்க மரத்தில் கம்பி போட்டு மாட்டி வைக்கும் மண் கோப்பைக்கு மங்கு என்று பேர். வாய் உடைந்த ஒரு மங்கை அம்மா நாங்கள் குடியிருந்த லயத்துக்கு எடுத்து வந்திருந்தாள். பாப்பாவுக்கு அதுதான் விளையாட்டுச் சாமான். அதில் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து, சோறு என்று சொல்லி எனக்கு ஊட்டப் பார்ப்பாள். நான் வாயைத் திறந்து தின்கிற மாதிரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அழுவாள்.

எஸ்டேட்டு இடுகாட்டில் கல் வைக்க எங்களைப் போன்றவர்களுக்கு ஏது வழி? மரச்சிலுவை நட்டால் ஆறு மாதத்தில் கரையான் தின்றுவிடும். அதனால் தாய்மார்கள் ஒரு மங்கைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் கவிழ்த்து வைப்பார்கள். மரத்தில் மங்கு கவிழ்ந்திருந்தால் இன்றைக்கு அதற்கு வெட்டு இல்லை, ஓய்வு என்று அர்த்தம். அது எப்படி இடுகாட்டுக்கு வந்தது, யார் ஆரம்பித்தார்கள் என்று நான் யாரையும் கேட்டதில்லை. விரிசல், பூச்சு வழிந்த கறை என்று ஏதாவது ஒன்றை வைத்து அவரவர் மங்கு அவரவருக்குத் தெரியும். அம்மா அந்த வாய் உடைந்த மங்கையே வைத்தாள்.

பிறகு ரப்பர் விலை விழுந்து, பாதி ஆளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து சிலிபினில் ஓர் அறை எடுத்தோம். எனக்கு ஒரு சீன முதலாளியின் மண்பாண்டப் பட்டறையில் வேலை கிடைத்தது; தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கொட்டகை, இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சூளை. தவுக்கே, அவர் மனைவி, நான், மூன்று பேர்தான். எஸ்டேட்டுகளுக்கு மங்கு செய்து கொடுப்பதுதான் அவர் தொழில். அது படுத்துப்போனதால் ஜாடியும் விளக்கும் செய்துகொண்டிருந்தார். ஈயம் தோண்டுகிற லம்பத்து முதலாளிகளின் பங்களாக்களில் தொங்கவிடுகிற விளக்குகள். ஒன்று தாமரை மொட்டு மாதிரி இருக்கும், ஒன்று மீன் மாதிரி. உள்ளே திரியை ஏற்றினால் ஓட்டைகள் வழியே வெளிச்சம் சுவரெல்லாம் புள்ளி புள்ளியாக விழும்.

ஓட்டை போடுவது என் வேலை. பழைய குடைக்கம்பியைத் தீட்டி வைத்திருந்தேன். மண் ஈரமாக இருந்தால் ஓட்டை இழுத்துக்கொண்டு அசிங்கமாகிவிடும், காய்ந்துவிட்டால் கீறும். செருப்புத் தோல் பதத்துக்கு வருகிற ஒரு நேரம் இருக்கிறது, அப்போது குத்த வேண்டும். சூளையிலிருந்து எடுத்ததும் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம். நல்லது கணீர் என்று பேசும். விரிசல் விட்டது இருமும்.

அந்த வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தபோது ஒருநாள் அம்மா கேட்டாள். "என்னங்க, மழையில அணையாத வெளக்கு ஒண்ணு செய்ய முடியுமா?"

"யாருக்கு?"

"நம்ம பாப்பாவுக்குத்தான். நாம எஸ்டேட்ட விட்ட வருசம், கல்லறைத் திருநாளுக்கு நாலு தரம் ஏத்துனேன். நாலு தரமும் காத்து அடிச்சிருச்சு. அதுக்கப்பறம் ரெண்டு வருசம் நாம போகவே இல்ல. புள்ள இருட்டுலயே கெடக்கு."

நவம்பர் மாதம் பேராக்கில் மழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் அணையாத விளக்கு என்றால் லேசா? ஓட்டையைப் பெரிதாகப் போட்டால் காற்று உள்ளே வந்து அணைத்தது. சின்னதாகப் போட்டால் திரி மூச்சு முட்டிப் புகைந்தது. எட்டு ஒன்பது விளக்கு வீணாய்ப் போனது. கடைசியில் ஒரு விளக்குக்குள் இன்னொரு விளக்கு வைத்த மாதிரி இரண்டு சுவர் எழுப்பி, வெளிச்சுவரின் ஓட்டைக்கு நேராக உள்சுவரில் ஓட்டை வராமல் மாற்றி மாற்றிக் குத்தினேன். தண்ணீர் வழிந்தோட மேலே முக்காடு மாதிரி ஒரு மூடி.

தவுக்கே அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்கு நம் தமிழ் கொஞ்சம் வரும். "இது லம்பு இல்லலா! மழையில ஆள் ஓடுறான், தலையில துண்டு!"

"இது வீட்டுக்கு இல்ல தவுக்கே. குபூருக்கு. என் மகளோட குபூர்."

கல்லறை என்று மலாயில் சொன்னதும் சிரிப்பு நின்றது. உள்ளே போய், பங்களா விளக்குகளுக்கு மட்டும் போடுகிற பச்சைப் பூச்சை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

விளக்கு சூளைக்குப் போன அந்த வாரத்தில்தான் உங்கள் மாமா சிலிபினுக்கு வந்தார். அம்மாவுக்குத் தம்பி, அந்த எஸ்டேட்டிலேயே தண்டலாகியிருந்தார். வேலைக்காரர்களை ஏவுகிற பொறுப்பு. அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

"மச்சான், தொர மறுபடியும் காட்டத் தொறக்கச் சொல்லிட்டாரு. பாதி மரத்துல மங்கு இல்ல. ஒங்க தவுக்கே எப்பக் குடுப்பாரு?"

"சூளை ஒண்ணுதான் மாப்ள. எல்லாத்துக்கும் புதுசு கேட்டா தை மாசம் ஆயிரும். பழச மொதல்ல பொறுக்குங்க. காடு பூரா கீழதான் கெடக்கும். ஒண்ணு விடாதீங்க. வாய் ஒடஞ்சிருந்தாலும் பரவால்ல, பால் நிக்கும்."

"அக்கா, கேட்டியா? டவுனுக்கு வந்து மச்சான் மங்கு டாக்டராயிட்டாரு!"

மூவரும் சிரித்தோம். மங்கு என்று சொன்னபோது என் கண்ணில் வந்தது மரம் மட்டும்தான். அம்மாவுக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. இதை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மங்கு செய்கிறவன், மகள் தலைமாட்டில் மங்கு இருக்கிறவன், என் வாயாலேயே சொன்னேன்: ஒண்ணு விடாதீங்க.

கல்லறைத் திருநாளன்று ரயிலேறிப் போனோம். வைக்கோலில் சுற்றிய விளக்கை அம்மா மடியிலிருந்து இறக்கவே இல்லை. எஸ்டேட்டில் பழைய சிநேகிதிகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் உங்கள் மாமாவும் புல் வெட்டுவதற்காகப் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் போனோம்.

லாலான் புல் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. வெட்ட வெட்ட மேடுகள் தெரிந்தன. நாங்கள் விட்டுப் போனதற்குப் பிறகு வந்த மேடுகள் நிறைய. ஒரு மேட்டில்கூட மங்கு இல்லை.

உங்கள் மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

"புது ஆளுங்கள அனுப்புனேன் மச்சான். கப்பல விட்டு எறங்கி மூணு மாசம் ஆவல. அவங்களுக்கு என்ன தெரியும்?"

"நீ வந்து பாக்கலியா?"

"நீங்கதானே ஒண்ணு விடாதீங்கன்னு..." என்று ஆரம்பித்தவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப எங்க இருக்கும்?"

"கழுவி மாட்டியாச்சு." காட்டைப் பார்த்தார். குன்று முழுக்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வரிசை வரிசையாக மரம். மரத்துக்கு ஒரு மங்கு.

கீழே பாதையில் பெண்கள் பேசிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அம்மாவின் குரலும் அதில் இருந்தது. சிரித்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படிச் சிரித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.

ஓரத்து மரத்துக்குப் போய் ஒரு மங்கைக் கழற்றினேன். உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த பாலை உரித்தெடுத்தேன். பாராங்கின் பின்புறத்தால் வாயில் ஒரு தட்டு. எங்கே தட்டினால் எவ்வளவு பெயரும் என்று என் கைக்குத் தெரியும். உடைந்த இடம் வெள்ளையாக இருந்ததால் ஈர மண்ணை வைத்துத் தேய்த்தேன். இருப்பதில் நீளம் குறைந்த மேடாக ஒன்றைப் பார்த்துத் தலைமாட்டில் கவிழ்த்து வைத்தேன்.

"மச்சான், இது பாவம் மச்சான்."

"பேசாத."

வந்த பெண்கள் மேடு மேடாகத் தேடினார்கள். பிறகு ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இன்னொருத்தி, "எங்க மங்கெல்லாம் எங்க? தண்டலோட அக்கா மகளுதுன்னா மட்டும் தப்பிக்குமோ?" என்று உங்கள் மாமாவைப் பார்த்துக் கேட்டாள். அவர் திரும்பிக்கொண்டு மிச்சப் புல்லை வெட்டத் தொடங்கினார்.

லயத்தில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்த ஒரு அக்கா. அவருடைய மகனும் எங்கள் பாப்பா போன அதே மாதத்தில் போனவன். அவர் நேராக வந்து நான் மங்கு வைத்த மேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். "எம்புள்ளது இதுதானே? அந்தச் சாஞ்ச மரத்துக்கு நேராத்தானே வச்சோம்?"

"இல்லக்கா, இது எங்க பாப்பா. வாய் ஒடஞ்ச மங்கு பாருங்க." அம்மா அதை அன்பாகத்தான் சொன்னாள். அவர் தோளையும் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுது இன்னும் தள்ளி இருக்கும்க்கா. எங்களுத மட்டும் மாதா காப்பாத்திட்டா."

அந்த அக்கா மங்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் மறந்துபோச்சு போல" என்று சொல்லிவிட்டு, மூன்றடி தள்ளி, வெறும் புல்லில், மெழுகுவத்தியை ஊன்றினார்.

அவர் அந்த எஸ்டேட்டை விட்டுப் போகாதவர். அவருக்கு எப்படி மறக்கும்? அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

சாமியார் செபத்தை முடிப்பதற்குள் மழை வந்துவிட்டது. மெழுகுவத்திகள் ஒவ்வொன்றாகப் போயின. எதிர்வீட்டு அக்காவினுடையது முதலிலேயே போய்விட்டது. எங்கள் விளக்கு மட்டும் எரிந்தது. பச்சை முக்காட்டில் தண்ணீர் வழிந்தோட, கீழே மேட்டின் மேல் வெளிச்சம் புள்ளி புள்ளியாக ஆடாமல் கிடந்தது.

"என்னங்க, எரியுது பாருங்க. அணையவே இல்ல" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். மழையில் நனைந்துகொண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டின புருஷனை எதற்குக் கும்பிட வேண்டும்?

ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். சொல்லிவிடலாம் என்று தஞ்சோங் மாலிமிலிருந்து ஈப்போ வரைக்கும் நினைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நினைத்தேன். சொன்னால் பாப்பாவை அவள் இரண்டாம் தரம் இழப்பாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். அது உண்மைதான். ஆனால் அந்த அக்காவும் வருஷா வருஷம் அதே மூன்றடி தள்ளித்தான் மெழுகுவத்தி ஊன்றினார். அதுவும் உண்மைதான். அவரும் இப்போது இல்லை. பிள்ளைகளே, அடுத்த திருநாளுக்கு நீங்கள் போனால், அந்த மேட்டில் அந்தப் பையனுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று மட்டும் எழுத வேண்டியிருக்கிறது. அந்தத் திருநாள் முடிந்த மறுவாரம், தவுக்கேயும் அவர் மனைவியும் நாள் முழுக்க வெளியே போயிருந்தபோது, நான் தனியாகச் சக்கரத்தில் உட்கார்ந்தேன். அங்கே மங்கு இழந்த தாய்மார்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு ஆளுக்கொன்று செய்தேன். கம்பி மாட்ட விளிம்பு வைக்கவில்லை. மண் பதத்துக்கு வந்ததும் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு ஓட்டை போட்டேன். இனி யாரும் மரத்துக்கு ஆகும் என்று பொறுக்க மாட்டார்கள். சூளையில் வேகவைத்து உங்கள் மாமாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்று வரிசையாகப் பலகையில் வைத்தேன். பிறகு எங்கள் பாப்பாவுக்கு ஒன்று என்று ஒரு உருண்டை மண்ணை எடுத்துச் சக்கரத்தின் நடுவில் வைத்தேன். சக்கரத்தைச் சுற்றவும் விட்டேன். எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. சக்கரம் தானாக நிற்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்ணை எடுத்துத் தொட்டியிலேயே திரும்பப் போட்டேன்.