உள்ளேயிருந்து வந்த பதில்

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். என் பிடரி நம்புகிறது, அது போதும்.

பட்டப்பகல்தான். எங்கள் தொழிற்சாலையில் பன்னிரண்டு மீட்டர் நீளத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி படுத்துக் கிடந்தது. ஒரு முனையில் மட்டும் ஆள் நுழையும் ஓட்டை. உள்ளே வெல்டிங்கைச் சோதிக்க குவாலிட்டி மேடம் போனார். நாங்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. மயிரிழை வெடிப்பும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வெளியே காவல் நான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தியலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். உள்ளிருந்து அவர் சுத்தியலின் இரண்டு தட்டு பதிலாக வர வேண்டும். வராவிட்டால் அவர் இடுப்புக் கயிற்றை இழுக்க வேண்டும். உள்ளே போன உயிருக்கு அதுதான் காப்பு.

"பார்த்துக்கோங்கண்ணே, வீட்ல கைக்குழந்தை இருக்கு" என்று சிரித்தபடி நுழைந்தார். மணி 2.10.

2.13. தட்டினேன். டக்... டக். பதில் தொட்டியின் மறுகோடியிலிருந்து வந்தது. ஓட்டையோரத்து வெல்டிங்கைத்தான் முதலில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். கயிறும் என் காலடியில் சுருளாகவே கிடந்தது...

2.16. டக்... டக். இப்போது நடுவிலிருந்து. டார்ச் வெளிச்சம் அசையவே இல்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். பதில்தான் வருகிறதே, பிறகென்ன என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார்.

2.19. டக்... டக். மிகக் கிட்டத்தில். வேலை முடிந்து வருகிறார் என்று ஸ்டூலை நகர்த்தினேன். காலில் ஏதோ இடறியது.

மேடத்தின் சுத்தியல்.

கொடுக்க மறந்திருக்கிறேன்.

அப்படியென்றால்... தட்டியது?

ஓட்டைக்குள் தலையை விட்டேன். கைக்கெட்டும் தூரத்தில் மேடம் குப்புறக் கிடந்தார். மூச்சை அடக்கிக்கொண்டு தோளைப் பிடித்து இழுத்தேன்.

பிழைத்துக்கொண்டார். வெல்டிங் வாயு உள்ளே தங்கியிருந்ததாம். நுழைந்து இரண்டு அடி எடுத்து வைக்கும் முன்பே நினைவு தப்பிவிட்டது என்றார்.

ஒரு வாரம் கழித்து, காற்றோட்டம் வைத்து மறுபடி சோதித்தார். உள்சுவரில் குழிகள். கோடியில் இரண்டு. நடுவில் இரண்டு. கிட்டத்தில் இரண்டு. நாற்பது மில்லிமீட்டர் இரும்பில், விரல் முட்டி அளவுக்கு.

நான் தட்டியது மூன்று முறைதான். குழிகள் நான்கு ஜோடி.

"அண்ணே, என்னை இழுக்கும்போது உங்க தலை எங்க இருந்துச்சு?"

காட்டினேன்.

அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குழி. அந்தப் பக்கம் ஒன்று.