வேப்பிலை செருகிய வாசல்

அந்தக் கோடையில் கீரமங்கலம் சந்தையிலிருந்து காய்கறியோடு அம்மைச் செய்தியும் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டில்தான் அம்மை. பயமோ எல்லா வீட்டிலும். அப்பா காலையில் எழுந்ததும் என்னை வெயிலில் நிறுத்தி முதுகு, கை, நாக்கு எல்லாம் பார்ப்பார். கொசு கடித்த தடிப்புக்குக்கூட அவர் முகம் வெளிறிவிடும். எட்டு வயதுப் பெண் நான். கொசுவைத் திட்டுவதா அப்பாவைத் திட்டுவதா என்று தெரியாமல் நிற்பேன்.

அம்மாவுக்கு நிறைமாதம். வெளியாள் யாரும் வீட்டுக்குள் வரக் கூடாதென்று அப்பாவுக்கு ஒரே பதற்றம். சொந்தக்காரர்களை வராதே என்று சொல்ல முடியுமா? ஒருநாள் வாசல் நிலையில் கொத்தாக வேப்பிலையைச் செருகிவிட்டார். அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம். பார்த்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள்.

"மாரியாத்தா வராமலே வந்துட்டான்னு சொல்லலாமாங்க?" என்று அம்மா அழுதாள்.

"புள்ளை பொறக்குற வரைக்குந்தான்" என்றார் அப்பா.

ஒரு உச்சிவேளையில் வலி எடுத்தது. அப்பா ஓடிப்போய் மருத்துவச்சியை அழைத்து வந்தார். போன அவசரத்தில் வேப்பிலையை மறந்துவிட்டார். அவள் வாசலோடு நின்றுவிட்டாள்.

"ஆத்தா இருக்குற வீட்டுக்குள்ள எப்புடிங்க வாரது? நாளைக்கு நான் இன்னொரு வீட்டுல பச்சைப்புள்ளையத் தொடணுமே."

"யாருக்கும் ஒண்ணுமில்ல. நானாத்தான் செருகுனேன்."

"எல்லா வீட்டுலயும் இதத்தாங்க சொல்றாங்க."

அவள் சொன்னதும் உண்மைதான். அந்தக் கோடையில் சுற்றுவட்டாரத்தில் அம்மை கண்டதை எல்லாரும் மறைத்தார்கள், யாரும் யாரையும் நம்பவில்லை. அப்பா வேப்பிலையைப் பிய்த்து எறிந்தார். என்னை இழுத்து வந்து சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார்.

"உள்ள இருக்கவங்களக் காட்டுங்க" என்றாள் அவள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்த வெயிலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினாள். முகத்தை இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக் காட்டினாள். எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மருத்துவச்சி ஓடிவந்து அம்மாவைத் தாங்கி உள்ளே கூட்டிப் போனாள்.

தம்பி பிறந்தான். அழவில்லை. அவள் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், கடைசியில் அவளே அழுதாள். அந்தத் தாமதத்தால்தானா என்று அப்பா அவளிடம் கேட்கவில்லை.

மறுநாள் துக்கம் கேட்க வருகிறவர்களுக்காக அப்பா வாசலைக் கூட்டிப் பாய் விரித்தார். யாரும் வரவில்லை. குழந்தையை ஆத்தா கொண்டுபோய்விட்டாள் என்று ஊரே நம்பிவிட்டது. தெருவில் போனவர்கள் எட்ட நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள்.

"எலையத்தான் எடுத்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டு, பொழுது சாயும்வரை அந்தப் பாயில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார்.