நானூற்று இருபது

கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளருக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மனுஷன் தன் நிழலையே ரெண்டு தடவை திரும்பிப் பார்ப்பார். வீட்டில் பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டு, மனைவியையும் இழுத்துப் பார்க்கச் சொல்வார்.

மூன்று வாரமாக அவர் கண் புட்டி அடுக்கும் பெண்மேல். அவள் கூடுதல் நேரம் நின்ற நாட்களில் உடைசல் அதிகம். வேண்டுமென்றே உடைக்கிறாளோ? தரக்கட்டுப்பாட்டுப் பயிற்சியில் கற்ற இணைமாறுபாட்டை, அதாவது இரண்டு எண்கள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்கும் கணக்கைக் கையில் எடுத்தார். தினமும் அவள் நேரம் சராசரிக்கு எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல், உடைசலும் அப்படியே. இரண்டையும் பெருக்கி, கூட்டி, நாட்களால் வகுத்தார். வந்தது நானூற்று இருபது. அடேயப்பா! நேரத்தை மணியில் எழுதியிருந்தால் வெறும் ஏழுதான் வந்திருக்கும். நிமிடத்தில் எழுதியதால் எண் ஊதிவிட்டது. அது அவர் மண்டையில் ஏறவில்லை. வேலையை விட்டு நீக்கச் சொல்லிப் புகார் எழுதி, மேலாளரின் மேசைத் தட்டில் வைத்தார். மாலை மேலாளர் வந்து படிக்க வேண்டியதுதான் பாக்கி.

பெண்ணைக் கூப்பிட்டுக் கணக்கு நோட்டைக் காட்டினார். அவள் வரிவரியாகப் படித்தாள்.

"அண்ணே, இந்தக் கடைசிப் பத்தியில இருக்கிற எண்ணெல்லாம் என்ன?"

"உன் பின்னாடி நின்னு தினம் எத்தன நிமிஷம் கண்காணிச்சேன்னு குறிச்சது. எனக்கு எல்லாம் துல்லியமா இருக்கணும்."

"அப்போ என் நேரத்துக்குப் பதிலா அந்தப் பத்திய வச்சுப் பெருக்கிப் பாருங்களேன்."

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்தார். ஆனாலும் கணக்கு என்றால் விடமாட்டார். பெருக்கினார், கூட்டினார், வகுத்தார். ஐந்நூற்றுப் பத்து. பென்சிலை மாற்றி இன்னொரு தடவை போட்டார். அதே ஐந்நூற்றுப் பத்து.

"நீங்க பின்னாடி நின்னா கை நடுங்குதுண்ணே," என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

"ஏம்மா, ரெண்டும் சேர்ந்து ஏறுச்சுங்கறதுக்காக நான்தான் காரணம்னு ஆயிடுமா? அதெப்படிச் சொல்லலாம்?" என்று எகிறினார்.

"அதத்தாண்ணே நானும் கேக்குறேன்."

அவர் எழுந்து போய் மேலாளரின் தட்டிலிருந்து புகாரை எடுத்து, நாலாகக் கிழித்தார். கிழிந்ததா என்று ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பார்த்தார்.