வேம்புவின் முட்டி

ஜெயங்கொண்டத்தில் பகலெல்லாம் சம்மணமிட்டு முந்திரிக்கொட்டை உடைத்தே புவனேஸ்வரிக்கு ஐம்பது வயதில் முட்டி இறுகிவிட்டது. அவளுடைய ஓரகத்தி வேம்புவுக்கும் அதே வேலைதான். எட்டு வயது மூப்பு வேறு. ஆறு மாதம் யோகா வகுப்புக்குப் போன அந்த வேம்பு, கல்லங்குறிச்சி கோயிலில் மண்டியிட்டுக் கும்பிட்டுவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்தாள். புவனேஸ்வரிக்கு வயிறு பற்றி எரிந்தது.

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு, தானே கால்களை மடக்கி வஜ்ராசனத்தில் உட்கார்ந்தாள். உட்கார முடிந்தது, எழ முடியவில்லை. வேறு வழியில்லாமல், "அக்கா!" என்று கத்தினாள்.

ஓடிவந்த வேம்பு பக்கத்தில் குந்தி, அவள் கால்களை மெல்ல நீட்டிவிட்டாள்.

"கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்துருப்பேன்ல புவனா? கொஞ்சம் கொஞ்சமாத்தான் மடக்கிப் பழகணும்."

புவனேஸ்வரியின் காதில் அது ஏறவேயில்லை. வேம்பு எழும்போது முட்டியில் ஒரு சொடக்குச் சத்தமாவது கேட்காதா என்று காத்திருந்தாள். பாழாய்ப்போன முட்டி, மூச்சே விடவில்லை.